கடைசியாக எப்போது பேசினார்கள்?

எங்கள் நாகல் நகர் வீட்டுக்கு அருகிலுள்ள திருமண மண்டபத்தின் மாடியில் மனநலப் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது. அதன் பொறுப்பாளர் சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். ஆண்டு மலர் ஒன்று வெளியிடப் போகிறார்களாம். என் மனைவி வசந்தா அந்த வகுப்பில் சேர்ந்து வாழ்க்கையில் எவ்வாறு சமநிலை அடைந்தாள் என்று நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்.

"அம்மா எங்களுக்கெல்லாம் ஒரு முன்மாதிரி சார். அவங்க முகத்துல இருந்த அந்த அமைதிய நீங்க எழுதினாத்தான் பொருத்தமா இருக்கும்."

எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அடங்காததற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டியதில்லை, படித்தால் போதும்.

வசந்தா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்ற சொல் அவளுக்குப் பொருந்தவில்லை. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே மாலை ஆகும்போது இங்கே விடிந்திருக்காது. அந்த நேரத்தில் எழுந்து, பேரக்குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதி முடிக்கும்வரை கைபேசித் திரையின் முன் அமர்ந்திருப்பாள். மகன் பிரபு பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். அவனுக்கு மணவாழ்க்கையில் சிக்கல். அலுவலகம் முடிந்து, ஊர் அடங்கிய பிறகுதான் அம்மாவிடம் அழுவதற்கு அவனுக்குப் பொழுது கிடைக்கும். இரு முனைகளிலும் இழுக்கப்பட்ட அவளுடைய பகலில்தான் எங்கள் சமையலும், உறவினர் வீட்டு விசேஷங்களும், குடியிருப்புச் சங்கத்தின் கணக்குவழக்கும் நடந்தன. யார் எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் விடை ஒன்றே: "சரி."

படபடப்பு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னது ஒரு மாலையில். "நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டிட்டு ஓடிப்போறாப்ல இருக்குங்க. எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம்," என்றாள். மருத்துவரிடம் போனோம். இதயத் துடிப்பைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த நேரத்தில் தட்டியவர் ஓடிப்போயிருந்தார். கோடு ஒழுங்காக இருந்தது. மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். மகள், மகன், தூக்கம், கைபேசி. பிறகு, "டென்ஷன்தாம்மா. கொஞ்சம் உங்களையும் பாத்துக்கங்க," என்றார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. கோடு அவருக்குக் காட்டியதை அவர் சொன்னார்.

அந்தச் சொல்லில் எங்கள் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. டென்ஷன் என்றால் நோய் இல்லை. நோய் இல்லையென்றால் யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. மகள் காணொளி ஒன்றை அனுப்பினாள், மூச்சுப் பயிற்சி பற்றி. மகன் தன் நிறுவனத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் தியானச் செயலியை அம்மாவின் கைபேசியிலும் ஏற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகும் இருவரும் அதே நேரங்களில்தான் அழைத்தார்கள்.

வகுப்பைக் கண்டுபிடித்தவள் வசந்தாதான். மேடையின் பின்னால் 'சமநிலை' என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை கட்டியிருப்பார்கள் என்று வந்து சொன்னாள். நான் வேதியியல் கற்பித்தவன். சமநிலை என்றால் அசைவில்லாமல் இருப்பது அன்று. எதிரெதிரான இரண்டு வினைகள் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும் என்றேன்.

"உங்க பாடத்தையெல்லாம் காலேஜோட விட்டுட்டு வாங்க," என்றாள்.

வகுப்பில் கற்றுக்கொடுத்தவற்றுள் அவள் இறுகப் பற்றிக்கொண்டது சனிக்கிழமை மௌனம். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை பேச்சில்லை. கைபேசி அணைக்கப்பட்டிருக்கும். மதியம் கஞ்சி மட்டும். பெருமாளுக்கு உகந்த கிழமை என்பதால் உறவினர்களுக்கு விளக்கம் சொல்வதும் எளிதாயிற்று. அந்தச் சனிக்கிழமைகளில் அவள் மகிழ்ச்சியாக இருந்தாள் என்பதையும் நான் எழுதியாக வேண்டும். மறைத்தால் இது பொய்யாகிவிடும். கூடத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி அமர்ந்திருப்பாள். யாருக்கும் சரி சொல்ல வேண்டாத முகம் அது. மணமாகி வந்த காலத்துக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததில்லை. பொறுப்பாளர் எழுதச் சொன்ன அமைதி அதுதான் என்றால், ஆம், அது இருந்தது.

வீடும் அதற்குப் பழகிக்கொண்டது. "சனிக்கிழமை அம்மாவுக்கு லீவு," என்றான் பிரபு. நான் கேள்விகளை அவளால் சைகையில் பதில் சொல்லக்கூடிய வகையில் அமைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டேன். பழகாதவள் அவளுடைய தங்கை சுகந்தி ஒருத்திதான். அடுத்த தெருவில் இருக்கிறாள். சனிக்கிழமை தோறும் தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போகும் வழியில் அக்காவுக்கு மல்லிகைச் சரத்தைக் கொடுத்துவிட்டு, எப்படியாவது அவளைப் பேசவோ சிரிக்கவோ வைத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறுவாள். பெரும்பாலும் வசந்தாதான் ஜெயிப்பாள். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்துவிடும். வாய் மட்டும் திறக்காது.

அந்தச் சனிக்கிழமையும் நான் எழுந்து வரும்போதே அவள் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். நான் செய்தித்தாளோடு போய், "கஞ்சிக்குத் துவையலா, ஊறுகாயா? துவையல்னா கையத் தூக்கு," என்றேன். என்னைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு இடது கையை மெல்லத் தூக்கினாள். வலது கை மடியில் கிடந்தது. நான் அடுக்களைக்குப் போய்த் தேங்காய் துருவினேன்.

சுகந்தி வந்த சத்தம் அங்கிருந்தே கேட்டது.

"என்னக்கா, இன்னைக்கு இம்புட்டு வீராப்பா உக்காந்திருக்க? பூவக் கூட வாங்க மாட்டியா? சரி, நானே வைக்கிறேன். மாமா, உங்க வீட்டு ஊமைச்சிக்கு இன்னைக்குக் கோவம் போல."

"காலையிலேருந்தே அப்படித்தான்," என்றேன் உள்ளிருந்து.

"பெருமாளே, எங்க அக்கா வாயைத் திறக்க வச்சிட்டா உனக்கு ஒரு துளசி மாலைன்னு வேண்டிக்கிட்டு வாரேன். பாரு, பாரு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. சிரிச்சிரு, சிரிச்சிரு."

அவள் சிரிக்கவில்லை. சுகந்தி அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தபோது தட்டை வாங்க வலது கை எழவில்லை. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அப்போதும் நான் முதலில் கேட்டது, "பேசலாம், பரவால்ல, சொல்லு," என்றுதான். அவள் வாயைத் திறந்தாள். ஒலி வந்தது. சொல் வரவில்லை.

தெருமுனை ஆட்டோக்காரர் அவளை என்னோடு சேர்ந்து தூக்கி ஏற்றினார். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இளம் நரம்பியல் மருத்துவர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் விரைவாகவும் ஒழுங்காகவும் செய்தார். தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகும்போதே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க சார்?"

"நேத்து ராத்திரி."

"காலையில எந்திரிச்சதும் பேசலையா?"

"இன்னைக்குச் சனிக்கிழமை," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். வேதியியல் பேராசிரியராக இருந்த நான் அவசரப் பிரிவின் நடைபாதையில் நின்றுகொண்டு மௌனப் பயிற்சியின் விதிகளை விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஸ்கேன் முடிந்து வந்து, என்னைவிடக் குறைந்த சொற்களில் தன் பக்கத்தை விளக்கினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி ஒன்று அடைத்திருக்கிறது. கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் பாதிப்பு தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; பிந்தினால் அதே ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாவிட்டால், நன்றாக இருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தோமோ அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடுவார்கள். அவள் நன்றாக இருந்ததை நாங்கள் கடைசியாக உறுதியாக அறிந்தது வெள்ளிக்கிழமை இரவு.

"மதுரைக்குக் கொண்டுபோனா?" என்றேன். தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் முறையைப் பற்றி நான் படித்திருந்தேன்.

"அங்க பேசிட்டேன் சார். படத்தை அனுப்பினேன். பேச்சைக் கவனிக்கிற பகுதி ஏற்கெனவே செத்துப்போச்சு. எடுத்தாலும் திரும்பாதுன்னாங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "காலையில ஒரு வார்த்தை பேச்சுக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார். சொன்னதற்காக வருந்தியதுபோல் உடனே நகர்ந்தார். உண்மையைச் சொன்னதற்கு அவர் வருந்தியிருக்க வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் அவளுடைய துடிப்பை இடைவிடாமல் திரையில் காட்டின. சில மணி நேரம் ஒழுங்காக ஓடிய கோடு திடீரென்று தடுமாறியது. கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறவர் பிடிபட்டுவிட்டார். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் அவ்வப்போது நடுங்குகிறது. அந்த நேரத்தில் ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகிறது. கட்டி கிளம்பினால் போகும் இடங்களில் ஒன்று மூளை. நாள் முழுதும் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை முன்பே உடலில் கட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதன் பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. அவ்வளவுதான். அவளுக்கு இருந்தது டென்ஷன் அன்று. அதாவது, அதுவும் இருந்தது. அதன் பின்னால் இது ஒளிந்திருந்தது.

காத்திருப்போர் கூடத்தில் சுகந்தி என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். கோயில் பிரசாதப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது.

"அவ கண்ணுல தண்ணி வந்துச்சு மாமா. சிரிப்ப அடக்குறான்னு நெனச்சேன். கன்னத்துல வேற தட்டிட்டுப் போனேன்."

"எனக்கும் தெரியல, சுகந்தி."

"அவ கூப்புட்டிருக்கா மாமா. நம்ம ரெண்டு பேரையும் கூப்புட்டிருக்கா."

அவள் மடியிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

சில நாட்களில் அவளைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். மூளையின் அந்தப் பகுதி அழிந்தவர்களுக்குச் சில சமயம் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்று விளக்கினார். என்ன கேட்டாலும், என்ன சொல்ல நினைத்தாலும், அந்தச் சொல்தான் வாயில் வரும். அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அதிகம் புழங்கித் தேய்ந்த சொல் எதுவோ அது தங்கிவிடுகிறது போலும்.

பயிற்சியாளர் தண்ணீர்க் குவளையைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார்.

"சரி," என்றாள் வசந்தா.

அவளிடம் மிஞ்சியது அது. பிரபு வந்து, வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னான். சரி என்றாள். அடுத்த நாள், விடமுடியாது, மாதம் ஒருமுறை வருகிறேன் என்றான். சரி என்றாள். மகள் திரையில் தோன்றி, விடுப்புக் கிடைக்கவில்லை, குழந்தைகளின் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுகிறேன் அம்மா என்று அழுதாள். அதற்கும் சரி. பிள்ளைகள் இருவரும் அந்தச் சொல்லில் ஆறுதல் அடைந்ததைப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் அடைந்தார்கள். பிரபுவுக்கு அவனுடைய நிறுவனத்தின் மனநல ஆலோசகரிடமிருந்து அழைப்பு வந்தது. நெருக்கடியிலும் தனக்கென்று தினம் சிறிது நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டுமாம். அதைக் கேட்டு முடித்துவிட்டு, வார்டு நடைபாதையில் மடிக்கணினியைத் திறந்து நள்ளிரவுக் கெடுவுக்கு வேலை செய்தான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆண் பெண் இருபாலரும் இருந்த அந்த வார்டில், எதிர்ப் படுக்கையில் பாலசமுத்திரத்திலிருந்து வந்த தென்னை விவசாயி ஒருவர் இருந்தார். அவருக்கும் பக்கவாதம், இடப் பக்கம். பேச்சு போகவில்லை, கோபமும் போகவில்லை. அவர் மனைவி எனக்கும் சேர்த்தே இட்லி வாங்குவார்.

"ஏனுங்க சார், காலையில இருந்து ஒண்ணுமே வாயில வெக்கலீங்களே. இதத் தின்னுபோட்டு அம்மாகிட்டப் போயி உக்காருங்க."

ஒருநாள் அந்த அம்மாள் வசந்தாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்குப் பரவால்லீங்க. எங்கூட்டுக்காரரு நல்லா இருக்கையிலயே இந்த வார்த்தைய ஒருக்காக் கூடச் சொன்னதில்லீங்க," என்றார். படுக்கையிலிருந்த விவசாயி, "அவ சொல்றதுக்கெல்லாம் சரின்னா தோப்ப வித்துட்டு நடுத்தெருவுலதான் நிக்கோணும்," என்றார். வசந்தாவின் வாயின் நன்றாக இருந்த பக்கம் சிரித்தது. மருத்துவமனையில் அவள் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

வகுப்பிலிருந்தும் வந்தார்கள். பழங்கள் கொண்டுவந்தார்கள், அன்பாக இருந்தார்கள். அவளைச் சுற்றி நின்று கண்மூடினார்கள். பொறுப்பாளர் என் கையைப் பற்றிக்கொண்டு, "எவ்வளவு அமைதியா இருக்காங்க பாருங்க சார். பயிற்சி வீண் போகல," என்றார்.

"அவளால பேச முடியாது," என்றேன்.

"உள்ளுக்குள்ள நிறைவா இருக்காங்க சார். இல்லையாம்மா?"

"சரி," என்றாள் வசந்தா.

அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

விழுங்குவது அவளுக்குக் கடினமாக இருந்தது. பேச்சைப்போல விழுங்குதலையும் மூளைதான் நடத்துகிறது. அது பழுதாகும்போது உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிக்கும். மூக்கு வழியாகக் குழாய் வைத்தும் அதைத் தடுக்க முடியவில்லை. காய்ச்சல் வந்தது. மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவு. செலவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவள் வேலை பார்த்த வங்கியின் காப்பீடும் என் ஓய்வூதியமும் அதைப் பார்த்துக்கொண்டன. அந்த வகையில் எங்களைவிட எதிர்ப் படுக்கைக்காரருக்குத்தான் துன்பம் அதிகம்.

மூச்சுக் கருவி பொருத்துவதற்கு முன்பு பார்த்துவிட்டு வரும்படி என்னை உள்ளே விட்டார்கள். பிற்பகல் வெயில் திரைச்சீலையில் விழுந்திருந்தது. அவள் விழித்திருந்தாள். அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"அன்னைக்கு நான் துவையலான்னு கேட்டப்ப, நீ என்னைக் கூப்பிட்டியா?"

என்னைப் பார்த்தாள். ஜன்னலோரம் பார்த்த அதே பார்வை. இடது கை மெல்ல எழுந்து என் சட்டைக் கையைப் பிடித்தது.

"சரி," என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் மெதுவாக, "சரி, சரி."

ஆம் என்றாளா, இல்லை என்றாளா, போகட்டும் என்றாளா? அவளோடு வாழ்ந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லின் பொருளை நான் விசாரித்ததில்லை. விசாரித்தபோது அதற்குப் பொருள் சொல்ல அவளிடம் வேறு சொல் இல்லை. மூச்சுக் கருவியிலிருந்து அவள் மீளவில்லை.

ஆண்டு மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. நெஞ்சு படபடத்தால் அமைதியைத் தேடுங்கள். கூடவே, ஒரு முறை எடுத்த இ.சி.ஜி.யோடு நின்றுவிடாமல் நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவர் மௌனம் காத்தால், இடையிடையே அவரிடம் போய் மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லி, முகம் கோணுகிறதா என்று பாருங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். தன் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் கோபித்துக்கொள்ளட்டும். கோபம் ஆறிவிடும்.

பொறுப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். இதை அவர் வெட்டாமல் அச்சிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த மாடியில் ஏதாவது ஒரு சனிக்கிழமை, எல்லோரும் வாய்மூடி அமர்ந்திருக்கும்போது, ஒருவர் எழுந்து இதை உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் பெயரைச் சொல்ல வேண்டும். மௌனம் கலைந்துவிடுமே என்று அவர் தயங்கக்கூடும். கலையட்டும்.